ஆபத்து புரிந்தும் பகிர விரும்பினால்

எங்கள் ஹாஸ்டலுக்கு லேன், அதாவது கம்ப்யூட்டர்களை இணைக்கும் கேபிள் நெட்வொர்க், வந்தது வென்டிலேட்டர் வழியாக. மதுரைக்கு வெளியே, பஸ்ஸை விட்டு இறங்கினால் சீமைக்கருவேலமும் ஒரு பரோட்டாக் கடையும் தவிர வேறெதுவும் கண்ணில் படாத இடத்தில் எங்கள் இன்ஜினியரிங் காலேஜ். நான் 2004-ல் சேர்ந்தேன். ரூமுக்கு ரூம் நெட்வொர்க் கொடுக்கும் யோசனையெல்லாம் நிர்வாகத்துக்குக் கிடையாது. ரீடிங் ரூமில் பேப்பர் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரே ஒரு போர்ட் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு சீனியர்கள் ஜன்னலுக்கு ஜன்னல் கேபிள் இழுத்து மூன்று மாடிக்கும் கொண்டு போயிருந்தாய்ங்க. கொடிக்கயிறு எது, கேட்-5 கேபிள் எது என்று தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. பக்கத்தில் போனாலும் சந்தேகம்தான், இரண்டிலும் ஈரத்துண்டு தொங்கும்.

டவுன் ஹால் ரோட்டில் மீட்டர் கணக்கில் கேபிள் வாங்கி வருவோம். கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூல் விங்குக்கு ஒன்று. ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. பிளக்கில் எட்டு ஒயரையும் சொருகும் இந்த வரிசை இன்றைக்கும் எனக்குக் கந்த சஷ்டி கவசம் மாதிரி வாயில் வரும். எங்கள் விங்கின் எட்டு போர்ட் நெட்வொர்க் சுவிட்ச் மேலூரான் ரூமில் இருந்தது. (ஹாஸ்டலில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, ஊர்தான் பெயர். நான் உசிலம்பட்டி.) கீழ் மாடியிலிருந்து ஏறி வரும் கேபிள் அவன் ரூமுக்குள் நுழைந்து, அங்கிருந்து மற்ற ஆறு ரூமுக்கும் பிரியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இவ்வளவும் படிப்புக்காக என்று வீட்டில் சொல்லியிருந்தோம். பாட்டுக்காகத்தான். காலேஜ் மொத்தத்துக்கும் இன்டர்நெட் 2 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன். ஒருத்தனே முழு லைனையும் பிடித்துக்கொண்டாலும் நொடிக்கு 250 கேபிதான். 5 எம்பி பாட்டு ஒன்று இறங்க 20 நொடி. 100 பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் அதே பாட்டுக்கு அரை மணி நேரம். ஆனால் வென்டிலேட்டர் வழியாக ஓடிய கேபிளில் 100 எம்பிபிஎஸ். எதிர் ரூமில் இருக்கும் பாட்டு கண்ணை மூடித் திறப்பதற்குள் நம் ரூமில் இருக்கும். எவனோ ஒருத்தன் எங்கிருந்தோ ஒரு தடவை இறக்கினால் போதும், விடிவதற்குள் முந்நூறு ரூமிலும் அது ஓடும்.

என் தாய்மாமா உசிலம்பட்டியில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டும். நோட்டுத் தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுத்தால், இசைத்தட்டிலிருந்து வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவார். 60 நிமிடக் கேசட்டில் பன்னிரண்டு பதிமூன்று பாட்டு கொள்ளும். ஏ சைடு முழுக்க சோகம், பி சைடு முழுக்க குத்து என்று கேட்பவர்கள் உண்டு. காதல் தோல்வியாளர்கள் ஒரே பாட்டையே இரண்டு பக்கமும் கேட்பார்களாம். எம்பி3 சிடி வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. மாமா மைக் செட் வாடகைக்கு மாறினார். ஆனால் இசைத்தட்டுகளை விடவில்லை. ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, ரெக்கார்டு பிளேயரின் ஒயரை சவுண்ட் கார்டின் லைன்-இன் துளையில் சொருகி, ஒவ்வொரு பாட்டாக ஓட விட்டுப் பதிந்தார். இதில் குறுக்கு வழி கிடையாது. நாலரை நிமிடப் பாட்டுக்கு நாலரை நிமிடம் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். இரண்டு வருடத்தில் ஏறக்குறைய 900 பாட்டு சேர்ந்தது. "இனி எதுக்கு இடத்த அடைச்சுக்கிட்டு" என்று தட்டுகளை விற்றுவிட்டார்.

முதல் வருட லீவில் என் 40 ஜிபி ஹார்டு டிஸ்கைக் கழற்றி, துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மாமா கடைக்குப் போனேன். ஜம்பரை ஸ்லேவுக்கு மாற்றி அவர் மெஷினில் இரண்டாவது டிஸ்காக மாட்டி மொத்தத்தையும் எடுத்துக்கொண்டேன். மாமா ஒன்றே ஒன்று சொன்னார்.

"கேக்குறதுக்கு எடுத்துக்க மருமகனே. வெளிய விட்றாத. நாளப்பின்ன எவன் மைக் செட்லயாச்சும் இது ஓடி என் காதுல விழுந்துச்சு, உன்னத்தான் கேப்பேன்."

"மத்தவன் செட்ல ஓடுறது உங்களுதுன்னு எப்படி மாமா கண்டுபிடிப்பீங்க?"

ஒரு தாலாட்டுப் பாட்டைப் போட்டுக் காட்டினார். இரண்டாவது சரணத்தில் ஊசி ஒரு கோடு தாண்டிக் குதிக்கும். 'டக்' என்று ஒரு சத்தம், ஒரு சொல்லில் பாதி காணாமல் போகும். எனக்கு நாலு வயதிருக்கும்போது கடைக்குள் ஓடி வந்து நான் தட்டிவிட்ட கீறல் அது.

ஹாஸ்டலுக்குத் திரும்பி ஒரு வாரம் வாக்கைக் காப்பாற்றினேன்.

அந்தச் சமயம்தான் ஃபைனல் இயர் சீனியர் ஒருவர் டிசி பிளஸ் பிளஸ் என்ற ஃபைல் பகிரும் மென்பொருளுக்கு ஒரு ஹப் போட்டார். அவர் கம்ப்யூட்டர் நடுவில் இருக்கும். எல்லாரும் அதில் போய்ச் சேர்ந்தால் எவனிடம் என்ன இருக்கிறது என்று தேடலாம், எவனுடைய முழுப் பட்டியலையும் புரட்டிப் பார்க்கலாம். ஒரே நேரத்தில் ஒருவனிடமிருந்து இத்தனை பேர்தான் எடுக்கலாம் என்பதற்குப் பெயர் ஸ்லாட். ராத்திரி பதினோரு மணிக்குக் காரிடாரில் "டேய் திருமங்கலம், ஸ்லாட்டு குடுறா" என்று கத்துவாய்ங்க. ஹப்புக்குள் நுழைய ஒரு நிபந்தனை, குறைந்தது 5 ஜிபி பகிர வேண்டும். கொடுக்காமல் வாங்க மட்டும் வருபவனைத் தடுக்க இந்த ஏற்பாடு. மொய் விருந்து நடக்கும் சீமையில் வளர்ந்த எங்களுக்கு இது ரொம்ப நியாயமாகவே பட்டது.

என்னிடம் 4 ஜிபிக்குச் சொச்சம் மாமா பாட்டு இருந்தது. அதையும் சேர்த்தால்தான் 5 தேறும். சேர்த்தேன்.

பயம் இல்லாமல் இல்லை, ஆனால் பயந்ததெல்லாம் போலீஸுக்கு. அமெரிக்காவில் 2003 ஏப்ரலில் நான்கு காலேஜ் மாணவர்கள் மீது இசைக் கம்பெனிகள் கேஸ் போட்ட கதையைச் சீனியர் ஒருவர் சொல்லுவார். அவர்களும் எங்களைப் போலத்தான், காலேஜ் நெட்வொர்க்குக்குள் பாட்டுத் தேட வழி செய்து கொடுத்தவர்கள். கடைசியில் ஆளுக்கு 12,000 டாலரிலிருந்து 17,500 டாலர் வரை கட்டி ராஜியானார்கள். (நாங்கள் படித்து முடித்த பிறகு, 2009-ல், பாஸ்டனில் ஒரு மாணவருக்கு 30 பாட்டுக்கு 6,75,000 டாலர் என்று ஜூரி தீர்ப்புச் சொன்னது. பாட்டுக்கு 22,500. மாமா பாட்டுக் கணக்கை நான் பெருக்கிப் பார்க்கவில்லை.) நம்மூரிலும் சட்டம் சாதுவானதில்லை. 1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி குறைந்தது 6 மாதம், கூடினால் 3 வருடம் ஜெயில், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் கோர்ட் பார்த்துக் குறைக்கலாம். 2004-ல் திருட்டு விசிடி ஆசாமிகளைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டு வந்தபோது மாமாவே கடை போர்டில் இருந்த 'ரெக்கார்டிங்' என்ற சொல்லின் மேல் பெயின்ட் அடித்தார். அவர் தொழிலும் நகலெடுப்புதான் என்பது அவருக்குத் தெரியும். பாட்டுக்கு உரிமைக்காரர்கள் வேறு யாரோ, இரண்டு வருடம் உட்கார்ந்த உழைப்பு மட்டும் தன்னுடையது. அதைத்தான் வெளியே விடாதே என்றார்.

ஆனால் நான்கு வருடத்தில் எங்கள் ஹாஸ்டலுக்குப் போலீஸும் வரவில்லை, நோட்டீஸும் வரவில்லை.

மேலூரானுக்கு ஹப்பில் சேர ஆசை. அவனிடம் இருந்த பாட்டு ஒரு ஜிபி தேறாது. "எதையாச்சும் போட்டு அஞ்சாக்கி விடு மாப்ள" என்று என்னிடம் வந்தான். நான் அவன் சேரில் உட்கார்ந்து, பகிரும் பட்டியலில் பாட்டு ஃபோல்டருக்குப் பதில் டி டிரைவ் முழுவதையும் டிக் செய்தேன். கேம், லேப் ரெக்கார்டு, ரெண்டு படம், எல்லாம் சேர்ந்து 6 ஜிபி காட்டியது. உள்ளே என்ன இருக்கிறது என்று நானும் பார்க்கவில்லை, அவனும் யோசிக்கவில்லை. அவன் ஹப்பில் முதன்முதலாக நுழைந்தபோது இருவரும் கை தட்டிக்கொண்டோம்.

அவன் அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரகருக்கு மெயிலில் அனுப்பச் சொல்லி அப்பா ஜாதகத்தையும் மூன்று போட்டோவையும் நெட் சென்டரில் ஸ்கேன் செய்து இவனிடம் கொடுத்திருந்தார். டி டிரைவில் 'அக்கா' என்று ஒரு ஃபோல்டர். ஒரு சனி ஞாயிறு அவன் ஊருக்குப் போனான். கம்ப்யூட்டரை அணைக்காமல் போவது ஹாஸ்டல் பண்பாடு, நாம் இல்லாதபோதும் நம் பாட்டு மற்றவனுக்குக் கிடைக்க வேண்டுமே.

திங்கள்கிழமை ராத்திரி மெஸ்ஸில் சப்பாத்தி. வரிசையில் நின்ற ஒருத்தன், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, வாய்தான், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"மேலூரு, அக்காவுக்கு மூல நட்சத்திரமாமில்ல?"

பெண் மூலம் என்றால் நம் ஊரில் என்ன பேச்சு ஓடும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பழமொழியே திரிந்து வந்தது என்று விளக்குபவர்கள் உண்டு. விளக்கத்தைக் கேட்டுவிட்டா மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் போகிறார்கள்? நாலாம் பாதம், தோஷம் இல்லை என்று ஜோசியர் தனியாக எழுதிக் கொடுத்த சீட்டுகூட அந்த ஸ்கேனில் இருந்ததாம். அதையும் படித்திருக்கிறார்கள். "நாலாம் பாதம்னா பரவால்லடா" என்று இன்னொருவன் ஆறுதல் வேறு சொன்னான்.

மேலூரான் சண்டைக்குப் போகவில்லை. தட்டை வைத்துவிட்டு மாடி ஏறினான். பின்னாலேயே நானும் போனேன். சுவிட்சிலிருந்து கீழ் மாடிக் கேபிளை இழுத்தான். பிளக்கில் ஒரு சின்ன நாக்கு இருக்கும், அதை அமுக்கினால்தான் வெளியே வரும். அமுக்காமல் இழுத்தான். நாக்கு ஒடிந்து தரையில் விழுந்தது. அடுத்த நிமிடம் ஆறு ரூமிலிருந்தும் சத்தம். "மேலூரு, லைன் போச்சுடா! என்னன்னு பாரு!" அவன் கதவைத் தாழ் போட்டுக்கொண்டான். நான் வெளியே நின்றேன்.

மறுநாள் சாயங்காலம் விங் பயல்கள் புது சுவிட்ச் ஒன்று வாங்கி வந்து, அவன் ரூமைச் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே புதுக் கேபிள் இழுத்தாய்ங்க. கிரிம்ப் பண்ணிக் கொடுத்தது நான். யாரும் அவனிடம் எதுவும் பேசவில்லை. டிக் போட்டது நான்தான் என்பதை அவன் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. அந்தப் போட்டோக்களை எத்தனை பேர் இறக்கியிருந்தார்கள் என்று நான் ரூம் ரூமாகக் கேட்டுப் பார்த்தேன். ஏழு பேர் அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். அக்காவுக்கு அடுத்த தையில் கல்யாணம் நடந்தது. எங்கள் விங்கில் யாருக்கும் பத்திரிகை வரவில்லை.

வேலைக்குப் போன பிறகு ஒரு ஆய்வைப் படித்தேன். கசா என்ற பாட்டுப் பகிரும் மென்பொருளை வைத்து 2002-ல் இரண்டு பேர் செய்தது. 12 பேரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, இதில் என்னென்ன வெளியே போகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சரியாகச் சொன்னவர்கள் 2 பேர். தங்கள் மெயில் பெட்டியையே உலகத்துக்குத் திறந்து வைத்திருந்தவர்கள் அந்த நெட்வொர்க்கில் ஏராளம். அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சமாதானமாக இருந்தது. அந்தச் சமாதானத்துக்கு வெட்கமாகவும் இருந்தது. கம்ப்யூட்டருக்குப் பாட்டும் தெரியாது, ஜாதகமும் தெரியாது. டிரைவைக் கொடு என்றால் டிரைவைக் கொடுக்கும்.

நடுவில் ஒரு அட்மின் சார் கதையும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாஸ்டலில் டோரன்ட் போட்டு லீஸ்டு லைனையே அடைத்துவிட்டாய்ங்க. ஆபீஸில் யுனிவர்சிட்டி வெப்சைட் திறக்கவில்லை. டோரன்ட்டில் இறக்கிக்கொண்டிருக்கும்போதே நம் கம்ப்யூட்டர் மற்றவனுக்கு ஏற்றிக்கொண்டும் இருக்கும், அதுதான் அதன் அமைப்பு. அட்மின் சார் லாக் பேப்பரோடு வந்து ஒரு ஐபி நம்பரை, அதாவது நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டரின் முகவரியை, படித்தார். அது ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையனுடையது. ஐபியை நாங்களே கையால் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவன் மெஷினை அணைத்திருந்த நேரத்தில் எவனோ அவன் நம்பரைப் போட்டுக்கொண்டு இறக்கியிருக்கிறான். பையனுக்கு டோரன்ட் என்றால் என்னவென்றே தெரியாது. அப்பாவைக் கூட்டி வரச் சொன்னார்கள். நம்பரை எடுத்தவன் யார் என்று எங்கள் மாடியில் நாலு பேருக்குத் தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

இனி மாமா கதைக்கு வருகிறேன்.

விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு டிரைவை மொத்தமாகப் பகிரப் போனால் அது உடனே சம்மதிக்காது. ஆபத்து புரிந்தும் டிரைவ் முழுவதையும் பகிர விரும்பினால் இங்கே கிளிக் செய்யவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். மரியாதையான எச்சரிக்கை. நான் கிளிக் செய்தேன். அதற்கடுத்து இரண்டு கட்டம். ஒன்று, நெட்வொர்க்கில் பகிர். இன்னொன்று, மற்றவர்கள் என் ஃபைல்களை மாற்றலாம். இரண்டையும் டிக் செய்தேன். எதிர் ரூம்காரன் புதுப் பாட்டை நேராக என் டிரைவிலேயே போட்டுவிடுவான், எழுந்து போக வேண்டாம் பாருங்கள்.

அவன் பாட்டைப் போட்டான். எவன் மெஷினிலிருந்தோ வைரஸும் வந்து உட்கார்ந்தது. எல்லாருடையதும் திருட்டு எக்ஸ்பி. அப்டேட் போட்டால் 'ஒரிஜினல் இல்லை' என்று மூலையில் நட்சத்திரம் வந்துவிடும் என்று பயந்து அப்டேட்டையே அணைத்து வைத்திருந்தோம். அந்த வைரஸ் செய்கிற வேலை எளிமையானது. இருக்கும் ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில், அதே மஞ்சள் படத்தோடு தட்டினால் ஓடும் ஒரு இ.எக்ஸ்.இ ஃபைலை வைத்துவிடும். பெயரின் வாலில் வரும் அந்த இ.எக்ஸ்.இ-யை எக்ஸ்பி காட்டாது, அதனால் ஃபோல்டர் என்று நினைத்து நாமே இரட்டைக் கிளிக் செய்து ஓட விடுவோம். பென் டிரைவில் ஏறி ஊர் ஊராகவும் போகும்.

2007 பங்குனியில் புதுப் படப் பாட்டுகளை என் 1 ஜிபி பென் டிரைவில் போட்டுக்கொண்டு மாமா கடைக்குப் போனேன். அன்று ராத்திரியே அவர் மெஷினில் அது இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் எழுமலைப் பக்கம் ஒரு காதுகுத்து. விடியற்காலை நாலு மணிக்கு மாமா குழாயைக் கட்டி, கம்ப்யூட்டரை வைத்து, முதல் பாட்டாகப் பிள்ளையார் பாட்டைப் போட 'பக்தி' ஃபோல்டரைத் திறந்திருக்கிறார். திறக்கவில்லை. திரும்பத் திரும்பத் தட்டியிருக்கிறார். திறக்கவே இல்லை. 'எம்ஜிஆர்' திறக்கவில்லை, 'தாலாட்டு' திறக்கவில்லை. தாய்மாமன் சீர் ஊருக்குள் வந்து இறங்கும்போது பாட்டு இல்லை. மேளக்காரர்கள் மட்டும் வாசித்தார்களாம். வாடகையை வாங்காமல் திரும்பி வந்தார்.

ஊரில் கம்ப்யூட்டர் பார்க்கும் பையன் வந்தான். அந்தக் காலத்து எல்லா வியாதிக்கும் அவனிடம் ஒரே மருந்து, டிஸ்கை மொத்தமாக அழிக்கும் ஃபார்மட். மாமா சரி என்றார். மருமகனிடம் ஒரு காப்பி இருக்கிறதே என்ற தைரியம். அதே வாரம் ஹாஸ்டலில் என் மெஷினும் தாறுமாறாகி நானும் டிஸ்க் முழுவதையும் ஃபார்மட் செய்திருந்தேன். மாமாவிடம் இருக்கிறதே என்ற தைரியம். ஃபோனில் பேசும்போதுதான் இரண்டு பேருக்கும் தெரிந்தது. ஃபோல்டர்கள் மறைந்துதான் இருந்தன, அழியவில்லை, வைரஸை நீக்கி மறைவை எடுத்திருந்தால் 900 பாட்டும் அப்படியே இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரிய வந்தபோது ஆறு மாதம் ஆகியிருந்தது. அதை மாமாவிடம் சொல்லவில்லை.

ஹப்பில் போய் நின்றேன். யாரிடமெல்லாம் மாமா பாட்டு இருக்கிறது என்று தேடினேன். வெளியே விட்றாத என்று அவர் சொன்ன பாட்டு, முப்பது நாற்பது டிஸ்கில் சிதறிக் கிடந்தது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து பொறுக்கினேன். 640 சொச்சம் தேறியது. நிறையப் பாட்டில் பெயர் மாறியிருந்தது. சிலதில் எந்தெந்த வெப்சைட் பெயரெல்லாமோ ஒட்டியிருந்தது. சிலது பாதியில் கீச்சென்று நின்றது. சிடியில் எழுதிக் கொண்டு போய்க் கொடுத்தேன். மாமா ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். எங்கிருந்து கிடைத்தது என்று அவரும் கேட்கவில்லை. தாலாட்டுப் பாட்டு அதில் இல்லை.

போன வைகாசியில் ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறினேன். செக்கானூரணி தாண்டி டிரைவர் பாட்டைப் போட்டார். டேஷ்போர்டில் ஒரு பென் டிரைவ், சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. மூன்றாவதோ நான்காவதோ பாட்டாக அந்தத் தாலாட்டு வந்தது. சரி, எத்தனையோ பேர் கேட்கிற பாட்டு என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டாவது சரணம். 'டக்.' அரைச் சொல் இல்லை.

எழுந்து முன்னால் போய் டிரைவரிடம் கேட்டேன், இந்தப் பாட்டு எங்கே ஏத்துனீங்கண்ணே என்று.

"தெரியல தம்பி. முன்னாடி ஓட்டுனவரு வச்சிட்டுப் போனது. பழைய பாட்டா கெடக்கு, ஓடட்டும்னு விட்டுட்டேன்."

சீட்டுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். பாட்டுக்காவது ஒரு கீறல் இருந்தது, கேட்டதும் தெரிந்துவிட்டது. அந்த மூன்று போட்டோவும் அந்த ஜாதகமும் எந்த டிஸ்கில், எந்தப் பழைய சிடியில் இருக்கின்றன என்று நினைத்துப் பார்த்தேன். ஏழு பேர் அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். எட்டாவது ஆள் ஒருத்தன் இருந்தானா என்பது மேலூரானுக்கும் தெரியாது. அவன் நம்பர் என்னிடம் இருக்கிறது. கூப்பிட்டு என்னவென்று சொல்வது?

உசிலம்பட்டியில் இறங்கி மாமா கடைக்குப் போனேன். டீ வரவழைத்தார். குடித்தேன். பஸ்ஸில் கேட்டதை அவரிடம் சொல்லவில்லை.